இரண்டு கடையும் ஒரே கடையானபின்

இணையத்தில் படம், மேட்ச் காட்டும் ஓடிடி தளங்களுக்குள் போட்டி குறைந்துவிட்டது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது முழுக்கச் சரி. 2022 ஏலத்தில் ஐபிஎல் டிவி உரிமை ஸ்டாருக்கும், இணைய உரிமை வயாகாம்18க்கும் போனது. ஆள் பிடிக்கும் போட்டி இருந்ததால்தான் 2023இல் வயாகாம்18இன் ஜியோசினிமா செயலியில் இலவசமாகப் பார்த்தோம். பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடு ஏற்றும் பையன்கள் காலி கிரேட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஆறேழு பேராகக் குனிந்து பார்ப்பார்கள். 2024 நவம்பரில் இரண்டு தரப்பும் ஒன்றாகிவிட்டன. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஸ்டாரின் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் என்று செயலியும் ஒன்றாகிவிட்டது. அப்புறம் விலையை யாருக்காகக் குறைப்பார்கள்? விலை பிடிக்காவிட்டால் வேறு தளத்துக்குப் போங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த மேட்ச் அங்கே இருக்காதே! மண்டிக்கு ஒரே வியாபாரி வந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள், சொல்வார். இந்த இணைப்புக்கு அனுமதி கொடுத்த, நிறுவனங்களுக்கு இடையே நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் சந்தா விலையையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.