21 வயதில் ஏன் நிறுத்த வேண்டும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஹேண்ட்பால் தங்கத்தை நார்வே வென்றபோது, அந்த அணியின் கோல்கீப்பர் கத்ரினே லுண்டேவுக்கு வயது 44. ஒரு பெண் குழந்தையின் தாய். 2008, 2012 ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வாங்கியவர். இதை நம் குமரி மாவட்டத்தில் ஹேண்ட்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இங்கே பிள்ளை டிகிரி முடித்ததும் அவளுடைய ஷூ பரணில் ஏறிவிடுகிறது. அடுத்த பேச்சு மாப்பிள்ளை பற்றித்தான்.

இது அவ்வளவு சீக்கிரம் கைவரும் ஆட்டமும் இல்லை. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட தளம். அணிக்கு 7 பேர், 60 நிமிட ஆட்டம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 3 அடிதான் எடுத்து வைக்கலாம். கோலுக்கு முன்னால் இருக்கும் 6 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, பந்தைக் கோலுக்குள் எறிய வேண்டும். தடுப்பவளின் தோள் விலாவில் இடிக்கும். கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று காற்றில் இருக்கும்போதே பார்த்து மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். 18 வயதில் வேகம் இருக்கும். இந்த நிதானம் வர ஆண்டுகள் பிடிக்கும். அது வரப்போகிற நேரத்தில்தான் நாம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம்.

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். ரப்பர் வெட்டியும் மீன் விற்றும் பிள்ளையைப் படிக்க வைத்த வீட்டுக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் வாங்குவதற்காக மட்டுமே ஆட்டம் என்று ஆகிவிட்டதே, அதுதான் வலிக்கிறது. ரயில்வே அணியில் வேலையும் ஆட்டமுமாக இருக்கும் பெண்கள் தேசியப் போட்டிகளில் ஆடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

பெற்றோரின் பயத்தில் ஒன்று மட்டும் முழுக்க நியாயமானது. முட்டி. மார்த்தாண்டம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், எம்பி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கமாக மடங்கியது. ஏதோ அறுந்த சத்தம் தனக்கே கேட்டது என்றாள். ஜவ்வு கிழிந்திருந்தது. நகையை அடகு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு நடக்க வைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். மறுபடி ஆட வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ருமேனியாவின் கிறிஸ்டினா நேகு, நான்கு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர். 2018 ஐரோப்பியப் போட்டியில் அவருக்கும் முட்டி ஜவ்வு கிழிந்தது. திரும்பி வந்து மேலும் பல ஆண்டுகள் ஆடினார். அவருக்குப் பின்னால் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சம்பளம் தரும் கிளப்பும் இருந்தார்கள். நம் பெண்ணுக்கு அம்மாவின் வளையல்தான் இருந்தது.

காயத்தைக் குறைக்க வழி இருக்கிறது என்பதால்தான் எனக்கு இத்தனை ஆதங்கம். 15 முதல் 17 வயது வரையுள்ள ஹேண்ட்பால் பிள்ளைகளை வைத்து நார்வேயில் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஆட்டத்துக்கு முன் 15, 20 நிமிடம் ஒழுங்கான தயார்ப் பயிற்சி செய்தவர்களுக்கு முட்டி, கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஒற்றைக் காலில் நின்று பந்தை வாங்குவது, குதித்து இறங்கும்போது முட்டி பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று ஜோடியாகப் பார்த்துக்கொள்வது, திடீரென்று திரும்பப் பழகுவது. பெரிய செலவு ஏதும் இல்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் மண் தளம் பாதி நாள் சேறாகத்தான் கிடக்கும்; அந்த நாட்களில் பள்ளி வராந்தாவிலேயே இதைச் செய்யலாம்.

உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். தினமும் அந்த 15 நிமிடத்தை ஒதுக்குங்கள். பயிற்சிகளைத் தமிழில் எழுதித் தருகிறேன், உள்பெட்டியில் கேளுங்கள். பெற்றோரிடம் பேச வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் குலசேகரம் வரைகூட வருகிறேன்.