சின்ன அணிகளுக்கு அடித்தாலும் கோல் கோல்தான்

போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக்கடை வாசலில், இந்திய உதைபந்தாட்ட வீரர் சுனில் சேத்ரியைப் பற்றி வாக்குவாதம். "சேத்ரி 95 கோல் அடித்தார் சரி, யாருக்கு அடித்தார் மச்சான்? மாலைதீவுக்கும் நேபாளத்துக்கும் தானே?" என்றான் கூட்டாளி. அங்கே முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி என்னைச் சுடுகிறது. ஏனென்றால் அவன் சொல்லும் சின்ன அணிகளில் எங்கள் இலங்கையும் ஒன்று. சுகததாச மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவனுக்கு, பத்துப் பேர் கோலுக்கு முன்னால் நின்று மறித்தால் இடைவெளி கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 2021 தெற்காசியக் கிண்ணத்தில் மாலேயில் வைத்து இந்தியாவை 0-0 என்று மறித்தோமே! அன்று எங்கள் வீட்டில் வென்றது போலத்தான் இருந்தது. அதே தொடரின் இறுதிப்போட்டியில் நேபாளத்துக்கு எதிராக அடித்து, 80 கோல்களுடன் மெஸ்ஸியைச் சமன் செய்தார் சேத்ரி. அவருடைய உயரம் 170 சென்டிமீட்டர்தான். ஆனால் பந்து எங்கே வரும் என்பதைத் தன்னை மறிப்பவனுக்கு முன்பே அறிந்து எழும்புவார். நான் அவரிடம் அதிகம் ரசித்தது அதைத்தான்.

பெரிய அணிகளுக்கும் அடித்திருக்கிறார். 2011 ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு ஒன்று. 2019இல் தாய்லாந்துக்கு இரண்டு. அதற்கெல்லாம் முன்பு, 2008இல் டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அடித்த மூன்று கோல்களால்தான் 2011 ஆசியக் கிண்ணத்துக்கான கதவே திறந்தது.

2018 மும்பையை மறக்க முடியாது. சீன தாய்பேக்கு (தாய்வான்) எதிராக மூன்று கோல் அடித்த போட்டிக்கு வந்திருந்தவர்கள் 2,569 பேர். "திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள்" என்று காணொளியில் கேட்டுக்கொண்டார். அடுத்து கென்யாவுடன் அவருடைய 100ஆவது போட்டி. மைதானம் நிறைந்தது. அவர் இரண்டு கோல் அடித்தார். ஓர் அணித்தலைவர் இப்படிக் கெஞ்ச வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. 2024 ஜூன் 6, கொல்கத்தா, குவைத்துடன் பிரியாவிடைப் போட்டி. வெற்றி தேவைப்பட்ட நாளில் 0-0. அவரும் அடிக்கவில்லை. அழுதுகொண்டு மைதானத்தை விட்டுப் போனார். 151 போட்டிகளில் 94 கோல், அத்தோடு முடிந்தது என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கூட ஆகவில்லை, 2025 மார்ச்சில் திரும்ப அழைத்து வந்தார்கள். அவருக்கு 40 வயது! இதில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவின் முன்னணி லீக்கான ஐஎஸ்எல் கழகங்கள் முன்களத்தின் நடுவில் பெரும்பாலும் வெளிநாட்டவரையே நிறுத்துகின்றன. இந்தியப் பையன்கள் ஓரத்தில் ஓடுகிறார்கள், அல்லது வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் எங்கிருந்து வருவான் அடுத்தவன்? 2024-25 பருவத்திலும் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் சேத்ரிதான். அவருக்கு அது பெருமை. இருபது வருடம் அவர் முதுகிலேயே சவாரி செய்தவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஷில்லாங்கில் மாலைதீவுக்கு எதிராகத் தலையால் 95ஆவதை அடித்தபோது வீட்டில் எழும்பி நின்று கைதட்டினேன். ஆனாலும் அவர் திரும்பிய பிறகும் 2027 ஆசியக் கிண்ணத்துக்கு இந்தியா தகுதி பெறவில்லை. கொல்கத்தாவில் அழுத அந்த மனிதரை அப்படியே போக விட்டிருக்க வேண்டும்.