மேல்படியில நின்னு மாமாவுக்கு போன் போடுறவங்களுக்கு

நேர்ல சொன்னா சண்டைக்கு வராங்க, அதான் இங்க கொட்டுறேன்.

காட்பாடி ஸ்டேஷன்ல ராத்திரி ஏலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்னதும் அத்தனை பேரும் மேம்பாலப் படிக்குத்தான் ஓடுறோம். பாகாயம் பஸ் போயிடுமாம். ஓடுங்க, வேணாங்கல, நானும்தான் ஓடுறேன். ஆனா எதிர்ல இறங்கி வர்றவங்களுக்கு ஓர் ஆள் அகலமாவது விடணும்ல? இந்தக் கம்பியிலேர்ந்து அந்தக் கம்பி வரைக்கும் அடைச்சுக்கிட்டு ஏறுனா அவங்க பறந்தா வருவாங்க?

நேத்து ஒரு பாட்டி. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளத்துக் குடும்பம். மகன் கையில அந்தப் பெரிய எக்ஸ்ரே கவர், தோள்ல ரெண்டு பை. பாட்டி ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுட்டுத்தான் அடுத்ததுக்கு இறங்குறாங்க. அதே கம்பியோரமா ஏறி வந்த ஒரு ஆளு, "தள்ளும்மா, தள்ளு"ன்றாரு. எங்கய்யா தள்றது? "அண்ணே, நீங்க கொஞ்சம் சுத்திப் போங்களேன்"னேன். "நீ இன்னா ஸ்டேஷன் மாஸ்டரா?"ன்னாரு. பாட்டிக்குப் பாஷை புரியல, அதட்டல் புரிஞ்சுது. ஒரு கையை விட்டுட்டாங்க. மகன் கவரைக் கீழ போட்டுட்டுத்தான் தாங்கிப் பிடிச்சான். அந்தக் கவர் மேல எத்தனை செருப்பு ஏறிச்சோ!

இதுக்கும் மேல எனக்கு ரத்தம் கொதிக்கிறது மேல்படிக் கூட்டத்தைப் பார்த்துத்தான். ஏறி முடிச்சதும் சரியா அந்தக் கடைசிப் படியிலேயே நின்னு போனை எடுப்பாங்க. "மாமா, வந்துட்டேன், எந்தப் பக்கம் நிக்குறீங்க?" மாமா எங்கயும் ஓடிட மாட்டாரு, பத்தடி தள்ளிப் போய்ப் பேசு தாயே! பின்னாடி வர்றவருக்குத் தெரியறதெல்லாம் ஒரு முதுகு. அது நகரலைன்னா தள்ளுவாரு. சமதரையில தள்ளுனா ரெண்டடி தடுமாறி நிக்கலாம். படியில தடுமாற ஏது இடம்?

2017 செப்டம்பர் 29, மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன். மழைக்கு ஒதுங்குன கூட்டம் மேம்பாலப் படியில நெருக்கி நிக்க, ஆள் மேல ஆள் வந்து சேர, 23 பேர் செத்தாங்க. 1943ல, உலகப் போர் சமயம், லண்டன் பெத்னல் கிரீன்ல, குண்டுக்குப் பயந்து பதுங்கப் போன சுரங்க ரயில் ஸ்டேஷன் படியில 173 பேர். கீழ்ப்படிகிட்ட ஒரு அம்மா தடுக்கி விழுந்தது மேல இருந்தவங்களுக்குத் தெரியவே இல்ல.

கூத்து என்னன்னா, யாரும் சொல்லாமலே கூட்டம் தானா வரிசை பிடிக்கும். முன்னால போறவர் முதுகைப் பார்த்தே நடந்தா ஏறுற ஓட்டம், இறங்குற ஓட்டம்னு ரெண்டா பிரிஞ்சுடும். எவனாவது ஒருத்தன் முந்துறேன்னு நடுவுல பூருவான், ரெண்டும் முடிச்சு விழும்.

நேத்து ஒருவழியா வெளிய வந்தேன். பாகாயம் பஸ் நின்னுட்டுதான் இருந்துது. "தள்ளும்மா" ஆளு ஜன்னல் சீட்ல. டிரைவர் இன்னும் டீயே வாங்கல.