‘தொடர்பில் இல்லை’ என்று சொன்னால் மட்டும் போதுமா?

ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு எங்கள் நிறுவனத்தின் எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி கன்சோலை, அதாவது எல்லாக் கணினிகளின் பாதுகாப்பையும் ஒரே இடத்தில் கண்காணிக்கும் திரையை, திறப்பதுதான் என் முதல் வேலை. இன்று திறந்தபோது 212 கணினிகளில் 31 கணினிகளின் பெயருக்கு எதிரே ‘தொடர்பில் இல்லை’ என்று சாம்பல் நிறத்தில் இருந்தது. ஏன் இல்லை என்பது எங்கும் இல்லை. கணினியை அணைத்து வைத்திருக்கிறார்களா, இணைய இணைப்பு அறுந்துவிட்டதா, கணினியில் ஓடும் பாதுகாப்பு மென்பொருளான ஏஜென்ட் நின்றுபோய்விட்டதா, அல்லது யாரோ உள்ளே புகுந்து அதை முடக்கிவிட்டார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்தத் திரை தரும் பதில் அந்த ஒன்றேதான். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் கும்பல்கள், அப்படிப் பூட்டுவதற்கு முன் பாதுகாப்பு மென்பொருளை முடக்கப் பார்க்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். அதனால் நான்காவது சந்தேகம் தீரும் வரையில் எந்தச் சாம்பல் வரியையும் நான் அலட்சியப்படுத்த முடியாது.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். தலைமை அலுவலகம், தையல் பிரிவு, பெருந்துறையில் சாயப் பிரிவு என்று மூன்று இடங்களுக்கும் சேர்த்து நானும் இன்னொரு தம்பியும்தான். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் செலுத்தி வாங்கும் மென்பொருள், தனக்கே தெரிந்த ஒரு காரணத்தை எங்களிடம் சொல்லாமல் மறைப்பதால், நாங்கள் மேசை மேசையாக அலைந்துகொண்டிருக்கிறோம். ‘தனக்கே தெரிந்த’ என்பதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சாயப் பிரிவின் ஸ்டோரில் ஒரு கணினி மூன்று மாதமாகத் தொடர்பில் இல்லாமல் இருந்தது. அங்கே தொலைபேசியில் கேட்டபோது, கணினி நன்றாக ஓடுகிறது, மூலையில் பச்சை டிக் இருக்கிறது என்றார்கள். ஒரு மணி நேரம் பயணம் செய்து போய்ப் பார்த்தால், அதன் தேதி 2012 என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது; இரவில் மெயின் சுவிட்சை அணைத்தால் காலையில் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்பிவிடுகிறது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண், “ரெண்டு மாசத்துக்கு மேலயே தேதி தப்பாத்தானுங்கண்ணா காட்டுது” என்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவருக்கு வேண்டிய இருப்புக் கணக்கு உள் நெட்வொர்க்கில் ஓடுவதால், அவருடைய வேலை எதுவும் நிற்கவில்லை. நிறுவனத்தின் மைய நிர்வாகத்தில் (டொமைனில்) சேராத அந்தக் கணினியில், பல ஆண்டுகள் பின்தங்கிவிட்ட கடிகாரத்தை விண்டோஸும் தானாகச் சரிசெய்துகொள்வதில்லை. ஆனால் ஏஜென்ட் என்ன செய்திருக்கிறது தெரியுமா? மென்பொருள் நிறுவனத்தின் சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழை 2012-இன் கண்ணால் பார்த்து, ‘இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நாளுக்கு வரவில்லை’ என்று தொடர்பை மறுத்து, நடப்பதையெல்லாம் பதியும் தன் லாக் கோப்பில் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறது. மூன்று மாதம் அதே வரி. அப்படி எழுதிக்கொண்டே திரையில் பச்சை டிக்கையும் காட்டியிருக்கிறது. ஏனென்றால் 2012-இல் நிற்கும் கணினிக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய வைரஸ் குறிப்புகள்கூட எதிர்காலத்தைச் சேர்ந்தவை, அவை பழையவையாகத் தோன்றவே இல்லை.

தொடர்பு அறுந்த கணினி கன்சோலுக்குக் காரணத்தை எப்படித் தெரிவிக்கும் என்று அந்த மென்பொருள் நிறுவனத்தின் சப்போர்ட் பொறியாளர் என்னைத் திருப்பிக் கேட்டார். பக்கத்து மேசையில் இருக்கும் ஏஜென்ட் வழியாகத் தெரிவிக்கலாம். அதே கணினியின் திரையில், எங்கள் உள் எண்ணுக்கு அழைக்கும்படி ஒரு செய்தி காட்டலாம். குறைந்தபட்சம் அந்தப் பச்சை டிக்கை எடுத்துவிடலாம். இதில் எதுவும் அறிவியல் புதுமை இல்லை.

கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியிட்ட உத்தரவின்படி, ஒரு பாதுகாப்புச் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதை அறிவிக்க வேண்டும்; லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் அங்கீகரிக்கப்பட்ட நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். நியாயமான விதிகள்தான். கடிகாரம் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் ஸ்டோரிலேயே பார்த்துவிட்டேன். ஆனால் ஆறு மணி நேரக் கெடு எனக்கு இருக்கிறது, தன் லாக்கில் மூன்று மாதமாகக் கிடக்கும் ஒரு வரியை வெளியே காட்ட அந்த மென்பொருளுக்கு எந்தக் கெடுவும் இல்லை.

ஃபயர்வால் கதையும் இதேதான். எங்கள் நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் ஃபயர்வால், ஹெச்.டி.டி.பி.எஸ் என்னும் மறையாக்கப்பட்ட இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழோடு மீண்டும் மூடி அனுப்புகிறது. ஏஜென்ட் தன் நிறுவனத்தின் சான்றிதழைத் தவிர வேறெதையும் நம்பாது. அப்படி நம்பாமல் இருப்பது சரியான நடத்தை, அதற்காக நான் பாராட்டவும் செய்வேன். இப்படிப் பிரிக்காமல் விலக்கு அளிக்க வேண்டிய முகவரிகளின் பட்டியலைக் கொடுத்தார்கள், நானும் சேர்த்தேன். பிறகொரு நாள் அவர்கள் புதிய சர்வருக்கு மாறியிருக்கிறார்கள். பட்டியல் மாறியது யாருக்கும் தெரிவிக்கப்படவில்லை. தையல் பிரிவு முழுவதும் ஒரே காலையில் சாம்பல் நிறமானபோது, தாக்குதல்தான் என்று நினைத்து நான் அந்தப் பிரிவின் நெட்வொர்க்கையே துண்டித்தேன். அன்று அங்கே நின்ற வேலைக்கு மேலாளரிடம் பதில் சொன்னது நான்தான்.

புதுப்பிப்புக்கு வருகிறேன். உள்ளேயே ஒரு கணினியை விநியோக மையமாக அமைத்தால், அது ஒரு முறை இறக்கி மற்றவற்றுக்குக் கொடுக்கும் என்றார்கள். அமைத்தோம். அந்த மையம் பதிலளிக்கச் சற்றுத் தாமதித்தால் ஏஜென்டுகள் யாரிடமும் சொல்லாமல் நேராக இணையத்துக்குப் போய்விடுகின்றன. 600 எம்.பி. புதுப்பிப்பை 150 கணினிகள் தனித்தனியாக இழுத்தால் 90 ஜி.பி.; எங்கள் 50 எம்.பி.பி.எஸ் இணைப்பை வேறு யாருமே தொடாவிட்டாலும் அதற்கு நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரத்தில் ஷிப்பிங் பிரிவினர் கப்பல் ஆவணங்களை ஏற்ற முடியாமல் என்னைத் திட்டுகிறார்கள். இணையத்துக்குத் திரும்பும் அந்த அமைப்பை அணைக்க ஒரு வழி வேண்டும் என்று கேட்டால், பாதுகாப்புக் கருதி அதைத் தருவதில்லை என்கிறார்கள்.

பாதுகாப்புக் கருதி எங்களுக்குக் கட்டுப்பாட்டை மறுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 ஜூலை 19-ஆம் நாள் உலகமே பார்த்தது. இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய, தாக்குதல்களை அடையாளம் காண உதவும் ஒரே ஒரு உள்ளடக்கக் கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் கணக்கின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, கையால் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். என்னை இன்றும் கொதிக்க வைப்பது வேறொன்று: புதிய பதிப்பை உடனே ஏற்காமல் ஒரு பதிப்புப் பின்தங்கியே இருப்போம் என்று கவனமாக அமைத்து வைத்திருந்த நிர்வாகிகளின் கணினிகளும் விழுந்தன. அந்த அமைப்பு, சென்சார் எனப்படும் அவர்களுடைய ஏஜென்டின் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும், இத்தகைய உள்ளடக்கக் கோப்புகளுக்குப் பொருந்தாது. அத்தனை பேர் அடிபட்ட பிறகுதான் அதற்கும் வாடிக்கையாளருக்குக் கட்டுப்பாடு தருவதாக அறிவிப்பு வந்தது.

அதற்காகப் புதுப்பிப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, அதைத் தடுக்கும் விண்டோஸ் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எப்போது, எந்தக் கணினிகளுக்கு முதலில், எந்த வழியாக என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, அந்தக் கணினிகளுக்குப் பொறுப்பேற்றவனிடம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இந்த 31 கணினிகளுக்காக மென்பொருள் நிறுவனத்திடம் புகார் டிக்கெட் போட்டு 17 நாள் ஆகிறது, அன்று அவை 12. முதல் பதில் லாக் கேட்டது, அனுப்பினேன். அடுத்த ஷிஃப்ட் பொறியாளர் அதே லாக்கை மீண்டும் கேட்டார், மீண்டும் அனுப்பினேன். மூன்றாமவர், “ஏஜென்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள் சார்” என்றார். நீக்குவதற்கு, ஏஜென்டை யாரும் முடக்கிவிடாமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷனை அணைக்க வேண்டும், அதை அணைக்கும் கட்டளை கன்சோலிலிருந்து போக வேண்டும், கன்சோலோடு அந்தக் கணினிகளுக்குத் தொடர்பு இல்லை என்பதுதான் என் புகாரே என்று எழுதினேன். வாடிக்கையாளரிடமிருந்து பதில் வரவில்லை என்று குறிப்பிட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இன்று மாலை அதை இரண்டாம் முறையாகத் திறந்திருக்கிறேன். இன்று பகலில் தம்பியும் நானும் 22 கணினிகளை நேரில் பார்த்துவிட்டோம், இருபத்திரண்டின் லாக்கிலும் காரணம் ஒரே வரியில் தெளிவாக எழுதியிருந்தது. மீதி ஒன்பது பெருந்துறையில் இருக்கின்றன. நாளை காலை ஏழரைப் பேருந்துக்குப் போகிறேன்.