மாடு மேய்ந்தால்தான் அந்தப் பட்டாம்பூச்சி

இங்கிலாந்தின் சாமர்செட் மலைச்சரிவில் மாடுகள் மேயும் படம் போட்டேன். கமெண்டில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். லார்ஜ் ப்ளூ என்கிற அரிய பட்டாம்பூச்சி வாழ்கிற இடத்தில் மாட்டை விடலாமா, வேலி போட்டு விட்டால் இயற்கை தானாகப் பிழைக்காதா என்று ஒரு தம்பி கேட்டார். கேள்வியில் தப்பில்லை. அவருடைய கடைசி வரிதான் இரவெல்லாம் தூங்க விடவில்லை.

தம்பி, மேய்ச்சல் நின்றதால்தான் இங்கிலாந்தில் லார்ஜ் ப்ளூ அழிந்தது. பிடித்துப் போகிறவர்களுக்குப் பயந்து சில இடங்களில் வேலியே போட்டார்கள். உள்ளே ஆடுமாடு போகவில்லை. 1950களில் மிக்ஸோமடோசிஸ் என்கிற நோய் வந்து, புல்லைக் கடித்துவந்த முயல்களும் செத்தன. புல் ஓங்கியது. 1979-ல் நாட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

புல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? காட்டுத் தைம் என்கிற செடியின் மொட்டில் அந்தப் பட்டாம்பூச்சி முட்டை இடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டு, ஒரு சாயங்காலம் பொத்தென்று மண்ணில் விழும். சிவப்பு எறும்பு வந்து தொட்டுப் பார்க்கும், அது சுரக்கிற இனிப்பு நீரைக் குடிக்கும், தன் குஞ்சென்று நம்பிக் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் போகும். உள்ளே பத்து மாதத்துக்கு மேல் அந்த எறும்பின் குஞ்சுகளையே தின்று வளரும். அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஜூன் வாக்கில் வெளியே ஊர்ந்து வந்து சிறகு விரிக்கும். அப்புறம் சில நாள் உயிர்தான்.

எந்த எறும்பானாலும் சரி என்றில்லை. மிர்மிகா சபுலெட்டி என்கிற சிவப்பு எறும்பு வகைதான் வேண்டும். அதற்கு வெயில் பட்ட சூடான மண் வேண்டும். புல் கொஞ்சம் உயர்ந்தாலும் மண் குளிர்ந்து வேறு எறும்பு குடியேறிவிடும். அதன் கூட்டில் புழு பெரும்பாலும் பிழைக்காது. 1970களில் ஜெரமி தாமஸ் என்கிற விஞ்ஞானி கண்டுபிடித்தது இதைத்தான். மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983-ல் ஸ்வீடனிலிருந்து புழுக்களை எடுத்துவந்து விட்ட பிறகுதான் மறுபடி பறந்தது. மாடு மேய்ந்ததால்!

குளம்பில் நாலு முட்டை நசுங்காதா என்பீர்கள். நசுங்கலாம். அதற்காகத்தான் காலம் பார்த்து மேய்க்கிறார்கள். எறும்பே போய்விட்டால் முட்டை இருந்து என்ன செய்ய?

இப்போது அந்தக் கடைசி வரி. 'ஆடு மேய்க்கிறவன் புத்தி' என்று எழுதினீர்கள். என் அப்பா செம்மறி மேய்த்தவர். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். மந்தையை எப்போது நகர்த்துவது என்று கடிபட்ட புல்லைக் குனிந்து பார்த்தே சொல்வார், விரலால் அளந்து. 'வேரைக் கடிக்க விட்டா அடுத்த வருசம் நமக்கு என்னடா இருக்கும்' என்பார். இங்கே விஞ்ஞானிகள் அளவுகோல் வைத்துப் புல்லை அளப்பதைப் பார்த்தபோது எனக்கு அவர் விரல்தான் கண்ணில் நின்றது.

உங்கள் கமெண்டை நான் அழிக்கவில்லை. அப்பாவுக்கு ஃபேஸ்புக் கிடையாது. அது ஒன்றுதான் நிம்மதி.