அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்

அக்கா, உங்கள் வீட்டுக்குறிப்பில் இரண்டையும் கலந்து போத்தலில் வைத்தால் எந்தக் கறையும் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. பொங்குவது வெறும் கரியமிலவாயு. ஒன்று காரம், மற்றது அமிலம், இரண்டும் ஒன்றையொன்று முறித்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர்தான். மூடி வைத்தால் போத்தலே வெடிக்கலாம்.

தனித்தனியாக என்றால் இரண்டும் நல்ல சாமான். அடிப்பிடித்த சட்டிக்குச் சோடா, கேத்தலில் படியும் வெள்ளைப் படிவுக்கு வினாகிரி.

மஞ்சள்தூள் கறைக்கு வெயில்தான் மருந்து. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் மொட்டைமாடியில், மகளின் வெள்ளை யூனிபோர்மில் பருப்புக்கறி கொட்டிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், உடனே சிவந்துவிட்டது (மஞ்சளில் காரம் பட்டால் அப்படித்தான், பயப்பட வேண்டாம்), நன்றாக அலசி ஈரத்தோடு வெயிலில் விரித்தேன், பின்னேரம் பார்த்தால் தேடினாலும் தெரியவில்லை.

அப்புறம், மாபிள் தரையில் தேசிக்காய் தேய்க்கச் சொன்னதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். புளிப்பு கல்லையே அரிக்கும், பளபளப்பு போய்விடும். வினாகிரியைப் பிளீச்சோடு மட்டும் யாரும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், ஜன்னலில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.