பந்தே விழல, அதுக்குள்ள பட்டியலா?

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் சீசன் ஆரம்பிக்கிறது நவம்பர்லதான். செப்டம்பர்லயே வர்ற சிறந்த வீரர்கள் பட்டியலைப் பார்த்துட்டு என் ரூம்மேட், "இவன் எப்படிடா 14-வது? எட்டுல இருக்கணும்"னு தொண்டை கிழியக் கத்துறான். கையில பிசைஞ்ச ரசஞ்சாதம் காஞ்சே போச்சு.

2022-ல சீசனுக்கு முன்னாடி ஏபி செய்தி நிறுவனம் அறிவிச்ச ஆல்-அமெரிக்கா, அதாவது நாட்டோட டாப் அஞ்சு பேர்ல பர்ட்யூ யுனிவர்சிட்டியோட ஜாக் ஈடி பேரே கிடையாது. ஏழடி நாலங்குல ஆளு, கண்ணுல படலையாம்! 2023-ல நாட்டோட சிறந்த வீரர் அவன்தான். அடுத்த வருஷமும் அவனே. அதே 2022-ல டீம் பட்டியல்ல முதலிடத்துல தூக்கி வச்ச நார்த் கரோலைனா? மார்ச்ல நடக்கிற தேசிய டோர்னமென்ட்டுக்கே போகல.

இதைச் சொன்னா, "அது வேற சீசன்டா"ங்கிறான்.

நேத்து ராத்திரி ஒண்ணரை மணிக்கு என்னை உலுக்கி எழுப்புறான். "டேய், பன்னிரண்டுக்கு ஏத்திட்டாங்க!"